புதுப்பித்த எஞ்சினில் அமுக்கம் எங்கே போயிற்று?

பழைய மோட்டார் சைக்கிளை முழுவதும் பிரித்துத் துலக்கி, தேய்ந்த உறுப்புகளை மாற்றி, மீண்டும் பூட்டி நிறுத்துவது இன்று பலருக்கு விருப்பமான பொழுதுபோக்காகவும் சிலருக்குப் பிழைப்பாகவும் விளங்குகிறது. அவ்வாறு பூட்டி முடித்த வண்டியின் கிக்கரை மிதிக்கும்போது, காலுக்கு எவ்வித எதிர்ப்பும் தோன்றாமல் அது தொய்வாக இறங்கிவிடுமானால், செலவிட்ட பொருளும் உழைப்பும் வீணாயினவோ என்ற கலக்கம் எழுவது இயல்பே. பட்டறைகளில் இதனைக் 'கம்ப்ரெஷன் இல்லை' என்பார்கள். தமிழில் நாம் இதனை அமுக்கம் என்று கூறலாம்.

இக்குறையை ஆராய, நம் நாட்டுச் சாலைகள் நன்கறிந்த ஒரு வண்டியையே எடுத்துக்கொள்வோம். 1955ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் வழியே இங்கு வேரூன்றிய 'புல்லட்' வண்டி அது. அதன் 350 மாதிரியில் சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அந்தப் பழைய எஞ்சின் இப்போது உற்பத்தியில் இல்லை. எனினும் அதனைப் போற்றிக் காப்பவர் பலர்.

அமுக்கம் என்பது யாது? உள்ளிழுக்கப்பட்ட பெட்ரோல் கலந்த காற்றை, இரு வால்வுகளும் மூடியிருக்கும் வேளையில், மேலேறும் பிஸ்டன் ஒரு சிறு அறைக்குள் நெருக்குகிறது. பழைய புல்லட்டில் இந்த நெருக்கம் ஏறக்குறைய ஆறரைக்கு ஒன்று என்னும் விகிதத்தில் அமைந்தது. நெருக்குண்ட காற்றுச் சூடேறி, பொறி பட்டவுடன் வலிமையோடு எரிகிறது. காற்று தப்பிச் செல்ல வழி இருக்குமானால் இவ்வளவும் பாழ். அவ்வழிகள் பலவல்ல. பிஸ்டன் வளையங்களின் ஓரம், வால்வுகளின் இருக்கை, சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் இடையிலுள்ள காஸ்கெட், ஸ்பார்க் பிளக்கின் மரை, டிகம்ப்ரெஸர் எனப்படும் சிறு வால்வு ஆகியவையே அவை. இவற்றுள் குற்றவாளி எது என்று கண்டறிவதே நம் வேலை.

கலக்கத்தில் பலரும் செய்வது, சிலிண்டரைக் கழற்றி மீண்டும் 'போர்' போடக் கொடுத்துவிடுவது. இதில் பெரும் இழப்பு மறைந்திருக்கிறது. குடைந்தெடுத்த இரும்பு மீண்டும் வளராது. பெரிதாக்கிய துளைக்கேற்ற பிஸ்டன்கள் சில அளவுகளில் மட்டுமே கிடைக்கும். குறை வால்வில் இருக்க, குற்றமற்ற சிலிண்டரைக் குடைவோமாயின், அந்த வண்டியின் ஆயுளில் ஒரு பகுதியை நாமே அழித்தவர்களாவோம். ஆகவே ஒரு மரையைத் தளர்த்துமுன் ஆற அமரச் சோதித்தல் அவசியம்.

முதற்கண், எஞ்சின் உண்மையிலேயே சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். புல்லட்டில் கிக்கரின் விசை கியர்ப் பெட்டியையும் கிளட்சையும் கடந்தே எஞ்சினை அடைகிறது. கிளட்சு வழுக்கினால், அல்லது கிக்கரின் பற்கள் பிடிக்காவிட்டால், அமுக்கம் இல்லாதது போன்ற தோற்றமே உண்டாகும். சிலிண்டரின் பக்கத்திலுள்ள டாப்பெட் மூடியைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெல்ல அழுத்துக. தள்ளுகோல்கள் முறையாக ஏறி இறங்கினால் எஞ்சின் சுழல்கிறது என்பது உறுதி. கிக்கர் இறங்கியும் அவை அசையாவிடின், குறை எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது.

அடுத்து, டிகம்ப்ரெஸர். அதன் கம்பி முழுதும் இறுகியிருந்தால் சிறு வால்வு சற்றே திறந்தபடி நின்றுவிடும். கம்பியில் சிறிது தளர்ச்சி இருத்தல் வேண்டும். பிளக் இறுக்கமாக உள்ளதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்வது நன்று.

மூன்றாவது, டாப்பெட் இடைவெளி. புதுப்பித்த எஞ்சினில் மிகுதியும் ஏமாற்றுவது இதுவே. வால்வை அரைத்து இருக்கையில் பொருத்தும்போது, அது முன்னிருந்ததினும் சற்று ஆழமாக அமர்கிறது. அதன் தண்டின் மறுமுனை அந்த அளவு உயர்ந்து நிற்கிறது. பழைய சரிசெய்தலை அப்படியே விட்டால் இடைவெளி மறைந்து, வால்வு முழுதும் மூடாமல் தொங்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில், அமுக்க ஓட்டத்தின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, தள்ளுகோலை விரல்களால் திருகிப் பார்க்க வேண்டும். அது தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடலாகாது. திருக முடியாதபடி இறுகியிருந்தால் பெரும்பாலும் நோய் அங்கேயே அகப்பட்டுவிட்டது.

இவை யாவும் செம்மையாக இருந்தும் குறை தீராவிடின், அமுக்கமானியை நாடுவோம். பிளக்கைக் கழற்றி அவ்விடத்தில் கருவியைப் பொருத்தி, திராட்டிலை முழுதும் திறந்து, முள் மேலும் ஏறாத வரையில் பலமுறை மிதித்து அளவைக் குறித்துக்கொள்க. திராட்டில் மூடியிருந்தால் காற்றே உள்ளே வராது, அளவு பொய்யாகும். பின்னர் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க. எண்ணெய் வளையங்களின் ஓரத்தை அடைப்பதால், அளவு நன்கு உயருமாயின் வளையங்களையோ சிலிண்டரையோ ஐயுறலாம். உயராவிடின் வால்வு அல்லது காஸ்கெட்டை ஐயுறலாம். எண்ணெயை மிகுதியாக ஊற்றினால் அறையே சிறுத்து, அளவு வீணே உயர்ந்து காட்டும். ஒரே கருவியால் எடுத்த இரண்டு அளவுகளின் வேற்றுமையே நமக்கு வழிகாட்டி.

இதனினும் தெளிவானது காற்றுச் சோதனை. வண்டியை நியூட்ரலில் வைத்து, அமுக்க ஓட்டத்தின் உச்சியில் பிஸ்டனைச் சரியாக நிறுத்தி, பிளக் துளை வழியே அளவான அழுத்தத்தில் காற்றைச் செலுத்துக. பிஸ்டன் சற்று விலகியிருந்தாலும் எஞ்சின் திடீரெனச் சுழலக்கூடும். எனவே கிக்கரின்மேல் காலை வைத்திருத்தல் ஆகாது. இனிச் செவியே கருவி. கார்ப்புரேட்டரில் சீறல் கேட்டால் உட்செல்லும் வால்வு கசிகிறது. புகைக்குழாயில் கேட்டால் வெளிப்போக்கு வால்வு. டிகம்ப்ரெஸரின் கசிவும் அவ்வழியே கேட்கலாம். எஞ்சினின் மூச்சுக்குழாயில் பலமாகக் கேட்டால் வளையங்கள். அங்கு மெல்லிய ஓசை எழுவது இயல்பே. எவ்வளையமும் காற்றை அறவே தடுப்பதில்லை. தலையின் விளிம்பில் பூசிய சோப்பு நீர் நுரைத்தால் காஸ்கெட்.

எங்கும் கசிவில்லை, ஆயினும் அமுக்கமானி குறைவாகவே காட்டுகிறது என்றால் என் செய்வது? அப்போது கேம் சக்கரங்களின் குறிகளைப் பார்க்க வேண்டும். ஒரு பல் மாறிப் பூட்டியிருந்தால் உட்செல்லும் வால்வு காலந்தாழ்த்தி மூடக்கூடும். அப்போது, உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியைப் பிஸ்டன் கார்ப்புரேட்டருக்கே திருப்பித் தள்ளிவிடும்.

குற்றம் வளையங்களில்தான் என்று தேர்ந்த பின்னரே சிலிண்டரைக் கழற்ற வேண்டும். வளையங்களின் வாய்கள் ஒரே நேராக நிற்கின்றனவா, மேற்புறம் என்று குறியிட்ட பக்கம் கீழாகப் பூட்டப்பட்டதா என்று நோக்குக. வளையத்தைச் சிலிண்டருக்குள் நேராக வைத்து வாயின் இடைவெளியையும் அளக்க வேண்டும். 70 மில்லிமீட்டர் துளைக்கு அது ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் இருப்பது பொதுவான கணக்கு. இவையெல்லாம் சரியாயிருந்து, அமுக்கம் சிறிதளவே குறைந்திருந்தால், கத்தியை எடுக்க அவசரம் வேண்டா. புது வளையங்கள் சிலிண்டரோடு படிந்து இசைவதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டம் தேவை. எஞ்சின் சூடாகி முழுதும் ஆறிய பின்னர்த் தலையின் நட்டுகளைக் குறுக்கு முறையில் மீண்டும் இறுக்குவதும் மறக்கத்தகாதது.

செலவில்லாத சோதனை முன்னும், பிரிக்க வேண்டிய சோதனை பின்னும், இரும்பைக் குடையும் வேலை யாவற்றிற்கும் இறுதியிலும் வருதல் வேண்டும். இந்த வரிசையைக் காப்பவர் பொருளையும் காப்பர்; ஒரு பழைய சிலிண்டரின் ஆயுளையும் காப்பர்.