மலைநாட்டு இளவேனிலும் நம் அயலாரும்

கருவேப்பிலங்குறிச்சியில் மலை இல்லை. வயலும் வரப்பும் தோப்புமாகப் பரந்து கிடக்கும் சமவெளி அது. ஆயினும் அவ்வூரின் பெயருக்குள்ளே ஒரு மலை மறைந்திருக்கின்றது. ‘குறிச்சி’ என்பது பழந்தமிழர் குறிஞ்சி நிலத்து ஊருக்கு இட்ட பெயர். சிறுகுடி, குறிச்சி ஆகிய இரண்டையும் மலைநிலத்தார் வாழும் ஊர்களின் பெயராக அகப்பொருள் இலக்கண நூலார் வகுத்துள்ளனர். பக்கத்து நகரமான விருத்தாசலமோ வெளிப்படையாகவே தன் பெயரில் மலையைச் சுமக்கின்றது. ‘பழைய மலை’ என்பதே அவ்வடமொழிப் பெயரின் பொருள். திருமுதுகுன்றம் என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர். வீரமாமுனிவர் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பிய ஏலாக்குறிச்சியும், 2019-ஆம் ஆண்டு தனி மாவட்டத்தின் தலைநகரான கள்ளக்குறிச்சியும் குறிச்சிகளே அன்றோ?

மலையில்லா ஊர்களில் மலையின் பெயர் தங்கிவிட்டது. பெயரளவில் மட்டுமா நமக்கும் மலைக்கும் உறவு? மரியன்னையின் வணக்கமாதமாகிய மே மாதத்தில், இளவேனிற் காலத்தில், இதனைக் குடும்பத்தோடு அமர்ந்து சற்றே சிந்தித்தல் பயனுடைத்து.

ஆறு காட்டும் உறவு

நம் வட்டாரத்து ஆறுகளைப் பின்தொடர்ந்து மேற்கே சென்றால் அவை நம்மைக் கல்வராயன் மலையில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே பிறக்கும் மணிமுத்தாறு, கோமுகி ஆற்றையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு விருத்தாசலத்தின் வழியே ஓடி வெள்ளாற்றில் கலக்கின்றது. வெள்ளாற்றின் மறுகிளையாகிய வசிட்ட நதியும் அம்மலையில் தோன்றுவதே. அது ஆத்தூரைக் கடந்து சுவேத நதியோடு கூடி வெள்ளாறு எனப் பெயர் பெற்று, இறுதியில் பரங்கிப்பேட்டைக்கு அருகே கடலைச் சேர்கின்றது.

ஆகவே நம் கிணறுகளில் ஊறும் நீரிலும், நம் நெல்லிலும் கரும்பிலும் ஏறியுள்ள ஈரத்திலும் அந்த மலைக்குப் பங்கு உண்டு. அம்மலையின் காடு செழித்தால் நம் ஆறு ஓடும். காடு அழிந்தால் மணல்தான் மிஞ்சும். “என் அயலான் யார்?” என்று சட்ட வல்லுநன் ஒருவன் ஆண்டவரிடம் வினவிய கேள்வி நாம் அனைவரும் அறிந்ததே. வேலிக்கு அப்பால் வாழ்பவன் மட்டுமே அயலான் என்று எண்ணுவோர்க்கு, ஆறு வேறொரு விடை தருகின்றது. ஒரே நீரைக் குடிப்போரும் அயலாரே.

மலையின் மக்கள்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என இரு பிரிவாக வழங்கும் அம்மலையின் பெரும்பகுதி 2,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்கள் அதன்மேல் அமைந்துள்ளன. அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் ‘மலையாளி’ என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரள நாட்டாரோ என்று மயங்க வேண்டா. மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் அவர்தம் தொகை ஏறத்தாழ 3 லட்சத்து 58 ஆயிரம். நம் மாநிலப் பழங்குடியினருள் அவர்களே மிகுதியானோர்.

காஞ்சிபுரத்திலிருந்து மூன்று உடன்பிறந்தார் மலையேறி வந்தனர் என்றும், மூத்தவர் சேர்வராயன் மலையிலும், நடுவர் கொல்லிமலையிலும், இளையவர் பச்சைமலையிலும் குடியேறினர் என்றும் அவர்களிடையே ஒரு பழங்கதை உண்டு. 1909-இல் வெளிவந்த தர்ஸ்டன் துரையின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலும் இக்கதை இடம்பெற்றுள்ளது. கதையில் வரலாறு எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். மலை மலையாகப் பிரிந்து வாழ்ந்தும், தாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று ஒரு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது எவ்வளவு அழகு! ஆதாமின் பிள்ளைகள் என்று நாமும்தான் நம்மைக் கூறிக்கொள்கிறோம். ஆனால் பங்காளி வீட்டுக் கலியாணத்திற்குப் போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசிக்கிறோம்.

மலர்ந்து நிற்கும் மலை

பனி உறையும் நாடுகளில் வசந்தம் என்றால் உறைபனி உருகும் காலம். நம் முன்னோர் ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். சமவெளியில் அதன் இளமையைக் காண்பது அரிது. வெயில் அதற்குள் முதிர்ந்துவிடுகின்றது. மலையிலோ இளவேனில் தன் பெயருக்கேற்ற பருவமாகவே இருக்கின்றது.

கல்வராயன் மலைச் சரிவுகளில் உள்ளவை பெரும்பாலும் இலையுதிர் காடுகள். தையிலும் மாசியிலும் இலையனைத்தையும் உதிர்த்து, பட்டுப்போயினவோ என்று ஐயுறும்படி மரங்கள் நிற்கும். அந்த வெற்றுக் கிளைகளிலேதான் இலவமும் முருக்கும் செந்நிறமாய்ப் பூக்கும். தளிர் பின்னரே வரும். பங்குனி பிறந்தால் புங்கமரம் தளிர்த்துப் பூச்சொரியும். சித்திரையில் கொன்றை பொன்னிறச் சரம் தொங்கவிடும். மாவும் பலாவும் காய்த்திருக்கும். ஒரு கோடைமழை பெய்துவிட்டால் மண்மணம் ஊரெல்லாம் கமழும்.

உயிர்ப்புப் பெருவிழாவும் இப்பருவத்திலேதான் வருகின்றது. மார்ச் 21-ஐயோ அதன் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்று திருச்சபை அதற்கு நாள் குறித்துள்ளது. பட்ட மரம்போல் கல்லறையில் வைக்கப்பட்டவர் உயிரோடு எழுந்தார் என்னும் நற்செய்தியைச் சிறுவர்க்கு விளக்க, இலையின்றிப் பூத்து நிற்கும் இலவமரத்தைவிடச் சிறந்த படம் வேறு யாது?

கூடித் தட்டும் புளி

இளவேனில் மலைமக்களுக்குப் பூப்பார்க்கும் காலம் மட்டுமன்று. கைந்நிறைய வேலையுள்ள காலம். புளி உலுக்குவதும், கடுக்காய் பொறுக்குவதும், தேன் எடுப்பதும், கோடை உழவும் இம்மாதங்களை ஒட்டியே நடைபெறும். சாமைக்கும் கேழ்வரகுக்கும் நிலத்தைப் பண்படுத்தி வைத்துவிட்டு மழையை நோக்கியிருப்பர்.

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி இறுதியில், பங்கு இளைஞர் சிலரோடு வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாய் அமர்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தனர். ஒருத்தி ஓடு நீக்க, ஒருத்தி நாரை உருவ, மற்றவர் கொட்டை எடுக்க, கையும் வாயும் ஒருசேர ஓடிக்கொண்டிருந்தன. இளைஞன் ஒருவன் அங்கிருந்த மூதாட்டியை நோக்கி, “பாட்டி, ஒரு நாளைக்கு என்ன கூலி தருகிறார்கள்?” என்று கேட்டான். அவர் சிரித்துவிட்டார். “கூலியா? இன்னைக்கு இவ வூட்டுப் புளி, நாளைக்கு எங்க வூட்டுப் புளி. யாரு யாருக்குத் தம்பி கூலி குடுக்கிறது?” என்றார்.

கூரை வேய்வதானாலும் இவ்வாறே அண்டை வீட்டார் கைகொடுப்பது வழக்கம். மாரியம்மன் திருவிழா நாளில் அடுத்த ஊர் உறவினர் வந்து சேர்வர். வந்தவர் யாராயினும் உண்ணாமல் திரும்புவதில்லை. இரவெல்லாம் தெருக்கூத்து நடக்கும். குழந்தைகள் எவர் மடியிலேனும் உறங்கிப்போகும்.

நம் ஊர்களிலும் இத்தகைய வாழ்வு இருந்ததே! ஒற்றை மாடு உடையார் இருவர் சேர்ந்து ஏர் பூட்டினர். முந்திரிக் காலத்தில் வீடு வீடாய்க் கொட்டை உடைத்தபோது கதையும் பாட்டும் துணையாயின. பொங்கலுக்கு முன் ஒரு வீட்டு முறுக்கைப் பத்துக் கைகள் பிழிந்தன. இன்று புளி கொட்டை நீக்கிய பொட்டலமாக வருகின்றது. முறுக்கும் கடையிலிருந்தே வருகின்றது. உழைப்பு குறைந்தது உண்மை. அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் உழைப்போடு சேர்ந்து அமர்தலும் போயிற்று. சேர்ந்து அமர்தலோடு, பக்கத்து வீட்டாரின் துன்பம் நம் காதில் விழும் வாய்ப்பும் போயிற்று. அயலார் உறவு என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. கடன்பட்டவன், மகளைப் பற்றிக் கவலைப்படும் தாய், மருந்து வாங்க வழியில்லாத முதியவர் ஆகியோரின் குரல் எழும்பும் இடம் அந்தப் புளி தட்டும் திண்ணையே.

மலையின் சுமை

மலைவாழ்வு முழுவதும் இன்பமயமானது என்று எழுதிவிட்டால் அது உண்மையாகாது. நாடு 1947-இல் விடுதலை பெற்றும், கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியிலேயே இருந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் அங்கே காலம் தாழ்த்தியே ஏறின. மழை பொய்த்தால் வயிற்றுப் பிழைப்புக்காகக் குடும்பம் குடும்பமாக மலையிறங்கித் தொலைதூரத் தோட்டங்களுக்குச் செல்வோர் உளர்.

வறுமை காட்டும் வழி சிலவேளை கொடியது. 2015-ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5-இல் வந்தது. இரண்டே நாள் கழித்து, ஏப்ரல் 7 அன்று, ஆந்திர மாநிலச் சேசாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தோர் என்று 20 தமிழர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவருட் பலர் கல்வராயனை அடுத்துள்ள சவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்த மலையாளிப் பழங்குடியினர். நாம் அல்லேலூயா பாடிக்கொண்டிருந்த வாரத்தில் அம்மலைகளில் ஒப்பாரி எழுந்தது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்று பேசுவோர் பெருகினர். தவறு செய்வார் எவ்வூரிலும் உளர். சமவெளியில் குடிப்பாரும் விற்பாரும் இன்றி மலையில் காய்ச்சுவார் இரார். சிலர் செய்த குற்றத்திற்காக ஒரு மலையின் மக்கள் அனைவரையும் நாவினால் சுடுவது, எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவமே ஆகும்.

விரைந்து சென்ற அன்னை

மே மாதத்தின் கடைசி நாள், 31-ஆம் தேதி, மரியன்னை எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாள். முன்னர் ஜூலை 2-இல் கொண்டாடப்பட்ட இவ்விழாவைத் திருச்சபை 1969-ஆம் ஆண்டு வழிபாட்டு நாட்காட்டியில் இந்நாளுக்கு மாற்றியது. வணக்கமாதத்தின் நிறைவாக இவ்விழா அமைந்தது மிகப் பொருத்தமே.

அன்னை சென்ற இடம் யூதேயாவின் மலைநாடு என்று லூக்கா நற்செய்தியாளர் குறிப்பிடுகின்றார். நாசரேத்திலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கு மிகுந்த தொலைவு. வானதூதரிடமிருந்து உலகமே வியக்கும் செய்தியைப் பெற்ற அந்த இளம்பெண், அதைப் பிறர் வந்து கொண்டாடட்டும் என்று வீட்டில் அமர்ந்திருக்கவில்லை. முதிய வயதில் கருவுற்ற உறவினருக்குத் துணை வேண்டும் என்று உணர்ந்து, விரைந்து மலையேறினார். ஏறத்தாழ மூன்று மாதம் உடனிருந்தார். வாசலில் நின்று நலம் விசாரித்துத் திரும்பும் வருகையன்று அது. தண்ணீர் மொள்ளவும் மாவு பிசையவும் கைகொடுத்த வருகையாகவே அதனை நாம் எண்ணிப் பார்க்கிறோம். அவ்வீட்டில் எழுந்த மகிழ்ச்சி எத்தகையது என்றால், வயிற்றிலிருந்த குழந்தையும் துள்ளிற்று.

அன்னையின் இந்த மலைப்பயணத்தை நம் குடும்பங்கள் எவ்வாறு பின்பற்றலாம்?

முதலாவதாக, நம் தெருவிலேயே தொடங்குவோம். அன்பியக் கூட்டத்தில் செபமாலை சொல்லிக் கலைவதோடு நில்லாமல், மாதத்தில் ஒருநாள் ஒரு வீட்டு வேலையை நாலு வீட்டார் சேர்ந்து செய்வோம். வற்றல் இடுவதோ, புளி தட்டுவதோ, தனித்திருக்கும் முதியவர் வீட்டுக்கு வெள்ளை அடிப்பதோ எதுவாயினும் நன்று. பிள்ளைகளையும் உடன் அமர்த்துங்கள். மறைக்கல்வி வகுப்பில் கிடைக்காத பாடம் அங்கே கிடைக்கும்.

இரண்டாவதாக, மலையிலிருந்து வரும் புளியையும் தேனையும் சாமையையும் வாங்கும்போது நியாய விலை கொடுப்போம். காட்டில் விளையும் இத்தகைய சிறுபொருள்களைத் திரட்டி விற்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினர்க்கு உறுதி செய்துள்ளது. சட்டம் கொடுத்த உரிமையை நம் பேரம் பறித்துவிடலாகாது. நகைக்கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, தேன் விற்பவரிடம் பத்து ரூபாய்க்கு வாதாடுவது கிறிஸ்தவக் குடும்பத்திற்கு அழகன்று.

மூன்றாவதாக, கோடை விடுமுறையில் கல்வராயன் மலைக்கும் அதன் அருவிகளுக்கும் செல்வோர் விருந்தினராகச் செல்லுங்கள். குப்பியையும் நெகிழிப் பையையும் அங்கே எறிந்து வருவது, நம் குடிநீர் தோன்றும் இடத்தில் நாமே எறிவதாகும். ஓர் ஊர்க்காரரோடு பத்து நிமிடம் பேசி, அவர் பெயரைக் கேட்டு வாருங்கள். பெயர் அறிந்தவரைப் பழிப்பது கடினம்.

இந்த ஆண்டு மே 31 அன்று மாலை செபமாலையில் மகிழ்ச்சி மறைபொருளின் இரண்டாம் பத்து மணிகளைச் சொல்லும்போது, மலைமேல் வாழும் நம் அயலாரையும் நினைத்துச் செபியுங்கள். செபம் முடிந்ததும் எழுந்து, நெடுநாளாகப் பேசாதிருக்கும் பக்கத்து வீட்டின் கதவைத் தட்டுங்கள். அன்னைக்கு நாம் சூட்டும் மலர்மாலைகளுள் அது வாடாத மாலையாகும்.