அடிமைக்கு வழிகாட்டிய வடவிண்மீன்

சிராங்கூன் சாலைக் கோயில்களில் நடைபெறும் திருமணங்களில் மணமகளுக்கு அருந்ததி காட்டுவதுண்டு. சப்தரிஷி மண்டலம் என்னும் எழுமுனிவர் கூட்டத்தில், வசிட்டரை ஒட்டி மங்கலாக ஒளிரும் சிறு மீனே அருந்ததி.

இக்கூட்டமே அமெரிக்க அடிமைகள் பலருக்கு விடுதலை வழியைக் காட்டிற்று. அந்நாட்டுத் தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றம். ஏடு மறுக்கப்பட்டவர்க்கு வானமே ஏடாயிற்று.

எழுமீன்கள் அகப்பை வடிவின. அகப்பை வாயின் முன்விளிம்பில் உள்ளவை புலகர், கிரது என்னும் இரு மீன்கள். அவற்றை இணைக்கும் கோட்டை ஐந்து மடங்கு நீட்டினால் துருவ மீன் தோன்றும். புவியச்சின் வடமுனைக்கு ஏறத்தாழ நேர்மேலே இருப்பதால் அஃது இடம் பெயராததுபோல் நிற்கின்றது. பகலில் பதுங்கி, இரவில் அதனை நோக்கி நடந்தோர், அடிமை முறையற்ற வடமாநிலங்களை அடைந்தனர்.

1849 ஆம் ஆண்டில் மேரிலாந்திலிருந்து இவ்வாறு தப்பிய ஹாரியட் டப்மன் அம்மையார், பன்முறை திரும்பிச் சென்று ஏறத்தாழ 70 பேரை மீட்டார். தாமும் தப்பி வந்தவரான பிரடரிக் டக்ளஸ், 1847இல் தொடங்கிய தம் இதழுக்கு 'வடவிண்மீன்' என்றே பெயரிட்டார். 1865இல் அமெரிக்காவெங்கும் அடிமை முறை ஒழிந்தது.

துருவ மீனின் உயரம் ஏறத்தாழ அவ்விடத்தின் அகலாங்குக்குச் சமம். மேரிலாந்தில் அது 39 பாகை. சிங்கப்பூரிலோ ஒரு பாகையே. ஆதலின் இங்கே அது தொடுவான் மங்கலில் மறைகின்றது. எனினும், ஏப்ரல், மே மாத முன்னிரவுகளில் வடவானில் எழுமீன்கள் புலப்படும். அருந்ததியைக் காட்டும் ஆசிரியர், மறுமுனையிலுள்ள அவ்விரு மீன்களையும் மாணாக்கர்க்குக் காட்டுவாராக.