கண்டிப் பாறையும் பேசாலை மண்ணும்

2022ஆம் ஆண்டிலே சமையல் வாயுச் சிலிண்டருக்காக வரிசையில் காத்து நின்றதை நம் நாட்டுக் குடும்பங்கள் எளிதில் மறந்துவிடா. மன்னாரில் வாயு இருக்கிறதென்றால் நம் கண்டியிலும் தோண்டிப் பார்த்தாலென்ன என்று மாணவர் நம்மிடம் வினவுவதுண்டு. நியாயமான வினாவே.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றிற் புதையுண்ட உயிர்ப்பொருள்கள், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறியே இயற்கை வாயு பிறக்கின்றது. அது தங்குவதற்கு மணற்கல் போன்ற நுண்துளைப் பாறை வேண்டும். மேலெழுந்து தப்பாதவாறு மூடியாகக் களிப்பாறையும் வேண்டும். ஹந்தானை மலையும் நக்கிள்ஸ் தொடருமோ 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட உருமாறிய பாறைகளாலானவை. பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய அவற்றில் வாயு பிறக்கவும் வழியில்லை, தங்கவும் இடமில்லை. இலங்கையின் பெரும்பகுதி இத்தகையதே. மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய வடமேற்கு, வடக்குப் பகுதிகளிலேதான் படிவுப் பாறைகள் தடிப்பாக அமைந்துள்ளன.

அப்படிவுகளின் அமைப்பைத் தோண்டாமலே ஆராயும் உபாயந்தான் நில அதிர்வு அளவை. குழியில் வெடிமருந்திட்டு வெடித்தோ, கனத்த வண்டியால் நிலத்தை அதிரச் செய்தோ அலைகளை எழுப்புவர். அவை கீழே சென்று, பாறை மாறும் இடந்தோறும் ஒரு பகுதி எதிரொலித்து மீளும். நிலத்தில் வரிசையாக ஊன்றிய கருவிகள் அவற்றைப் பதியும். செக்கனுக்கு 3 கிலோமீற்றர் வேகத்திற் சென்ற அலை 2 செக்கனில் மீண்டதாயின், போக ஒன்று, வர ஒன்று. ஆகவே அப்பாறை 3 கிலோமீற்றர் ஆழத்தில் உள்ளது.

கண்டி மக்களுக்கு இவ்வதிர்வு முற்றிலும் புதிதன்று. 2020 ஆகஸ்டிலே திகனப் பகுதியை நடுங்கச் செய்த சிறு அதிர்வுகளைப் பல்லேகலை நிலையம் பதிந்தது. அங்கே இயற்கை தட்டிற்று, நாம் கேட்டோம். மன்னாரிலோ மனிதனே தட்டிவிட்டுச் செவி சாய்த்தான்.

1970களின் முற்பகுதியில் சோவியத் நிபுணரின் துணையோடு மன்னார்த் தீவில் அளவை நடைபெற்றது. 1974இல் பேசாலையிற் கிணறு தோண்டப்பட்டது. பயன்தரும் அளவில் எதுவும் கிட்டவில்லை. அளவை வாயுவைக் காட்டுவதில்லை. வாயு குடியிருக்கத்தக்க வீட்டையே காட்டுகிறது. வீட்டில் ஆளுண்டா என்பதைத் துளையிட்டே அறியவேண்டும்.

2011இல் மன்னார்க் குடாவின் ஆழ்கடலிற் கெயின் நிறுவனம் தோண்டியபோது வாயு தென்பட்டது. எனினும் ஆழ்கடலிலிருந்து கரைசேர்ப்பது பெருஞ்செலவு. அவ்வாயு நமக்கு இன்னும் பயன்படவில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால், இராமநாதபுரம் மாவட்டத்திலோ, இயற்கை வாயுவைக் கொண்டு வழுதூர் மின்நிலையம் இயங்குகின்றது.

இல்லத்தரசிகள் அறியவேண்டியது இன்னுமொன்றுண்டு. சிலிண்டரில் வருவன புரொப்பேனும் பியூட்டேனும். இயற்கை வாயுவோ பெரும்பாலும் மீதேன். அது குழாய் வழியே வரவேண்டிய பொருள். நம் சிலிண்டரில் அப்படியே நிரப்பத்தக்கதன்று. எனவே மன்னார் வாயு கரையேறினாலும் முதற்கண் மின்நிலையங்களுக்கே உதவக்கூடும்.

ஆதலின், அளவை நடைபெறுகிறதென்று செய்தி வரும்போதெல்லாம் அடுப்பைப் பார்த்து மகிழ்ந்துவிடாது, மூன்று வினாக்களைக் கேட்கப் பழகுவோமாக: கிணறு தோண்டினரா? கண்டது எவ்வளவு? கரைசேர்க்க ஆகும் செலவு யாது? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை, உள்ள வாயுவைச் சிக்கனமாகச் செலவிடுவதே அறிவுடைமை.