தாதியர் கல்வியும் பால்நிலைச் சிறுபான்மையினரும்

வைத்தியசாலையில் நோயாளருடன் மிகுந்த நேரம் பழகுவோர் தாதியரே. ஆகவே, தன்பாலீர்ப்புடையோரும் திருநரும் அங்கு எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்னும் வினா, தாதியர் எவ்வாறு பயிற்றப்படுகின்றனர் என்னும் வினாவிலிருந்து பிரிக்கவியலாதது. கொழும்புச் சூழலை முன்னிறுத்தி இதனை ஈண்டு நோக்குவோம்.

முதற்கண் சட்டநிலை. குடியேற்ற ஆட்சிக்காலத்துத் தண்டனைச் சட்டக்கோவையின் (1883) 365, 365அ ஆகிய பிரிவுகள் தன்பாலுறவைத் தண்டிக்கப் பயன்படுவன. 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. இவற்றைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. எனினும் அத்தீர்மானம் தானாகவே சட்டத்தை நீக்குவதன்று. இச்சட்டம் குறிப்பது செயலையே, ஒருவரின் இயல்பையன்று. இவ்வேறுபாட்டை அறியாத மாணவர் நோயாளரையே குற்றவாளியாகக் கருதிவிடக்கூடும்.

மருத்துவ அறிவோ நெடுந்தூரம் முன்சென்றுவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து அகற்றியது. இலங்கைச் சுகாதார அமைச்சு 2016 இல் வெளியிட்ட சுற்றறிக்கை, திருநருக்குப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்க வழிசெய்தது. ஆயினும் சான்றிதழ் பெறாதவரை எப்பெயரால் அழைப்பது, ஆண், பெண் எனப் பிரிந்த விடுதிகளுள் எதிற் சேர்ப்பது என்பன அன்றாடம் எழக்கூடிய வினாக்கள். இவற்றுக்கு விடுதியில் நிற்கும் தாதியே உடனடி விடை காணவேண்டியவர்.

தமிழருக்கு மொழிச்சிக்கலும் உண்டு. வெள்ளவத்தையிலிருந்தோ ஹெவ்லொக் டவுனிலிருந்தோ செல்லும் தமிழ் நோயாளருக்கும் சிங்களம் மட்டும் பேசும் தாதிக்கும் இடையே உறவினரே மொழிபெயர்ப்பாளராவதுண்டு. தமையன் அருகில் நின்று மொழிபெயர்க்க, எந்த இளைஞன் தன் துணையைப் பற்றி வாய்திறப்பான்? மறைக்கப்பட்ட உண்மை பிழையான சிகிச்சைக்கு வழிகோலும்.

சொற்களும் வேண்டும். இழிசொற்களே வழங்கும் மொழியில் மரியாதையாக வினவுதல் அரிது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 ஆம் ஆண்டுத் தீர்ப்பையொட்டி, தமிழ்நாடு அரசு 2022 இல் இத்துறைக்கான தமிழ்க் கலைச்சொற்களை அரசிதழில் வெளியிட்டது. எமது தாதியர் கல்லூரிகளும் அவற்றை ஆராய்ந்து, ஈழத்து வழக்குக்கு இசைவன கொள்ளலாம்.

எனவே பாடத்திட்டம் மூன்றை வலியுறுத்தவேண்டும் என்பது எமது கருத்து: உறவினரை விலக்கித் தனிமையில் வினவுதல், துணைவர் யாரென ஊகிக்காது நோயாளரையே கேட்டறிதல், அறிந்ததைச் சிகிச்சைக்குத் தேவையானோர்க்கன்றிப் பிறர்க்கு வெளியிடாமை. இவை சலுகைகளல்ல, எந்நோயாளருக்கும் உரிய தாதிமை அறமே. சட்டம் மாறும்வரை இவ்வறம் காத்திருக்கவேண்டியதில்லை.