21 விமானிகளும் ஒரு லேப் ரெக்கார்டும்

லேப்ல ரீடிங் சரியா வரலைன்னா என்ன பண்ணுவீங்க? மனசைத் தொட்டுச் சொல்லுங்க! கிராஃப் நேர்கோடா வர்ற மாதிரி ரெண்டு நம்பரை மாத்திட்டு, சார்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு, கேன்டீனுக்குக் கிளம்பிடுவீங்கதானே? நானும் உங்க கட்சிதான்... 'ஆல் மை சன்ஸ்' நாடகத்தைப் படிக்கிற வரைக்கும்!

அமெரிக்க நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் எழுதி, 1947-ல் நியூயார்க்கில் மேடையேறிய நாடகம் இது. இரண்டாம் உலகப் போர் நேரம். ஃபேக்டரி முதலாளி ஜோ கெல்லர், போர் விமானங்களுக்கு சிலிண்டர் ஹெட் செய்து தர்றார். ஒருநாள் செய்த சரக்கில் விரிசல். வெளியே சொன்னா கான்ட்ராக்ட் போயிடும், 40 வருஷ உழைப்பு காலி. போன் பண்ணிக் கேட்ட பார்ட்னர்கிட்ட, விரிசலை மறைச்சு அனுப்பச் சொல்றார். தான் மட்டும் 'ஃப்ளூ காய்ச்சல்'னு வீட்டிலேயே இருந்துடுறார். விளைவு? 21 விமானிகள் பலி. கேஸ் நடந்து, கடைசியில் ஜெயிலில் கம்பி எண்ணுவது பார்ட்னர்தான். ஜோ விடுதலை!

இதில் என்னை உலுக்கிய விஷயம், ஜோ வில்லனே இல்லை. பக்கத்து வீட்டுப் பொடிசுகளோட விளையாடுற நல்ல மனுஷன். 'விமானத்துல பொருத்துறதுக்குள்ள சொல்லிடலாம்'னு நினைச்சவர். எல்லாம் குடும்பத்துக்காகத்தான் செஞ்சேன்னு நம்புறவர். போருக்குப் போய் காணாமப்போன அவரோட மகனும் ஒரு விமானிதான். 'என் பையன் அந்த மாடல் விமானத்தை ஓட்டவே இல்லையே'ன்னு தப்பிக்கப் பார்க்குறார். அந்த மகன் எழுதின ஒரு கடிதம் கைக்கு வரும்போதுதான், செத்துப்போன அத்தனை பேருமே தன் பிள்ளைகள்னு அவருக்கு உறைக்குது. க்ளைமாக்ஸை நான் சொல்ல மாட்டேன், நீங்களே படிங்க.

யோசிச்சுப் பாருங்க... 'அப்புறம் பார்த்துக்கலாம்', 'எல்லாரும்தானே பண்றாங்க', 'நம்ம வீட்டுக்கு ஒண்ணும் ஆகலையே'... இந்த மூணும் நம்ம வாயிலும் அடிக்கடி வர்ற டயலாக்தானே? நாளைக்குப் பாலமோ, பிரேக்கோ நம்ம கையெழுத்தோடதான் வெளியே போகும்.

போன வாரம் லேப்ல, வந்த ரீடிங்கை மாத்தாம அப்படியே எழுதினேன். மார்க் குறைஞ்சது. ஏன் தப்பு வந்துச்சுன்னு நோண்டினா, மீட்டர்லயே ஜீரோ எரர்! இத்தனை நாளா எங்க பேட்ச் மொத்தமும் அதே மீட்டரை வெச்சுத்தான் 'கரெக்ட்' ஆன்ஸர் எழுதியிருக்கோம்!