போடி ஏலக்காயும் லினக்ஸும்: பூட்டில்லாத மென்பொருள் நம் வீட்டுக்கு எதற்கு?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் என்றால், ஒரு காலத்தில் வியாபாரிகள் குரல் கொடுத்து விலையை ஏற்றுவதுதான். இப்போது ஸ்பைசஸ் போர்டு எனப்படும் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில், கணினி முன்னால் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் புற்றடியிலும் இதே கதைதான். அன்றைய சராசரி விலையும் அதிகபட்ச விலையும் வாரியத்தின் இணையதளத்தில் வெளியாகின்றன. அங்கிருந்து வாட்ஸ்அப்பில் ஏறி, தோட்டக்காரர் முதல் கடைக்காரர் வரை எல்லோருடைய போனுக்கும் போய்விடுகின்றன.

போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி அந்த ஒரு மெசேஜ் மேலே போக, எத்தனையோ மென்பொருள்கள் உழைக்கின்றன. அவற்றில் பல, யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு வெளியிடப்பட்டவை. ‘ஓப்பன் சோர்ஸ்’ என்று உலகம் சொல்வதை நாம் கட்டற்ற மென்பொருள், திறமூல மென்பொருள் என்கிறோம்.

உங்கள் கையிலேயே இருக்கிறது

ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிறீர்களா? அதன் அடித்தளம் லினக்ஸ். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுதத் தொடங்கி, பிறகு உலகமே சேர்ந்து வளர்த்தது. வாட்ஸ்அப் மெசேஜை நடுவில் யாரும் படிக்காமல் காப்பது சிக்னல் புரோட்டோகால். அதன் செயல்முறை எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பது ஊருக்கே தெரியும். சாவி மட்டும் உங்களிடம்.

‘போடி’ என்ற சொல்லையே பாருங்கள். முதல் எழுத்தான ‘போ’, கணினிக்குள் ‘ப’ முதலில், ஓகாரக் குறி பிறகு என்ற வரிசையில்தான் இருக்கிறது. திரையில் வரும்போதோ இரட்டைக்கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். ஆண்ட்ராய்டிலும் குரோம், பயர்பாக்ஸ் பிரவுசர்களிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல மென்பொருள். தமிழ் விற்குமா, விற்காதா என்று ஒரு கம்பெனி கணக்குப் போட்டு முடிக்கும்வரை நம் மொழி காத்திருக்க வேண்டியதில்லை. வேண்டியவர்களே சேர்த்துக்கொள்ளலாம்.

ஞள்ளானி சொல்லும் பாடம்

‘ஓப்பன் சோர்ஸ்னா ஓசி சாப்ட்வேர்தானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு ஏலமலையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

இன்று இந்த மலைகளில் பரவலாகப் பயிராகும் ஏலக்காய் ரகம் ஞள்ளானி. இதைத் தேர்ந்தெடுத்து உருவாக்கியவர் இடுக்கி மாவட்டம் கட்டப்பனை பகுதி விவசாயி செபாஸ்டியன் ஜோசப். தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடிகளைக் கவனித்து, பெருக்கி, அந்த ரகத்தை நிலைநிறுத்தினார். தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அவரை அங்கீகரித்தது.

ஏலச் செடியின் தூரைப் பிரித்தால் புதிய கன்று கிடைக்கும். முதல் கன்றைக் காசு கொடுத்தும் வாங்கலாம். ஆனால், நட்டு வளர்த்த பிறகு அதைப் பிரித்து இன்னொரு ஏக்கரில் நடலாம். அண்ணன் தோட்டத்துக்குக் கொடுக்கலாம். அதிலிருந்து இன்னும் நல்ல செடியைத் தேர்ந்தெடுக்கலாம். ரகம் மலை முழுவதும் பரவியது இப்படித்தான்.

கட்டற்ற மென்பொருளும் அதேதான். பயன்படுத்தலாம், உள்ளே பார்த்துக் கற்கலாம், பகிரலாம், மாற்றி வெளியிடலாம். 1983-ல் அமெரிக்காவில் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் வலியுறுத்திய சுதந்திரங்கள் இவை. விலைக்கு விற்பதற்கும் தடை இல்லை. விலை இல்லை என்பதைவிட, வாங்கியவர் கையைக் கட்டிப்போடாது என்பதுதான் முக்கியம்.

மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

போடியிலிருந்து மேலே ஏறினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் நடக்கிறது. 2019-ல் 2 லட்சத்துக்கும் அதிகமான பள்ளிக் கணினிகளுக்குப் புதிய லினக்ஸ் பதிப்பைக் கொண்டுவந்தபோது, உரிமக் கட்டணத்தில் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அந்த மாநிலத்தின் ‘கைட்’ நிறுவனம் கணக்குச் சொன்னது. அது ஒரு மதிப்பீடுதான். ஆனாலும், ஆசிரியர் பயிற்சியும் பாடமும் செய்முறைத் தேர்வும் ஒரே மென்பொருளைச் சுற்றி அமைந்ததால் பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது.

தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை. எல்காட் நிறுவனம் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் 2000-களின் பிற்பாதியிலேயே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பிளஸ் ஒன் பாடப்புத்தகத்தில் ஓப்பன் ஆபிஸ் இருக்கிறது. பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. இரண்டுமே திறமூல மென்பொருள்கள்தான். ஆக, மலைக்கு இந்தப் பக்கப் பிள்ளைகளுக்கும் இது அந்நியம் இல்லை. புத்தகத்தில் படித்ததை வீட்டுக் கணினியிலும் வைத்துப் பழகினால் போதும்.

கடைக்கு என்ன லாபம்?

சிறு கடை, கமிஷன் மண்டி, ஹோம் ஸ்டே... எல்லா இடத்திலும் ஒரு பழைய கணினி இருக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. பலர் அப்டேட் இல்லாமலே ஓட்டுகிறார்கள். சிலர் ‘கிராக்’ செய்த காப்பியைப் போடுகிறார்கள்.

திருட்டுக் காப்பியில் இரண்டு ஆபத்துகள். ஒன்று, அதோடு சேர்ந்து வரும் வைரஸ், ஒரே இரவில் மொத்தக் கணக்கையும் முடக்கிவிடலாம். இரண்டு, சட்டம். தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டுகள் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க முடியும். வியாபார லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் மட்டுமே நீதிமன்றம் சலுகை காட்ட இடம் உண்டு.

அதே கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டால் நேர்வழியில், செலவில்லாமல், பாதுகாப்பு அப்டேட்டுகளோடு ஓடும். கடிதமும் கணக்குத் தாளும் எழுத லிப்ரே ஆபிஸ், வீடியோவுக்கு வி.எல்.சி., விளம்பரப் படம் திருத்த ஜிம்ப். பில், சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்று வளரும் நிறுவனங்களுக்கு ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட் இருக்கிறது. மும்பையின் ரஷப் மேத்தா, தன் குடும்பத்தின் மரச்சாமான் தொழிலுக்கு மென்பொருள் அமைக்கப் பட்ட பாட்டிலிருந்து பிறந்தது அது.

ஒன்றை மறக்க வேண்டாம். உங்கள் ஆடிட்டர் டாலி ஃபைல்தான் கேட்கிறார் என்றால், டாலியை அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். கணக்கு ஒரு கணினியில் நடக்கட்டும். மற்ற வேலைகளை முதலில் மாற்றுங்கள்.

குறையே இல்லையா?

இருக்கிறது. 2024 மார்ச்சில் ‘எக்ஸ்இஸட்’ என்ற சிறிய மென்பொருளுக்குள் யாரோ ரகசிய வாசல் வைத்தது வெளிப்பட்டது. உலகெங்கும் சர்வர்களில் இருக்கும் அதைப் பராமரித்தவர், சம்பளம் இல்லாமல் ஓய்வு நேரத்தில் உழைத்த ஒரே ஒரு தன்னார்வலர். உதவிக்கு வருவதாக நடித்த ஆள், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்துத்தான் அந்த வேலையைச் செய்தார். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர். லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார். உள்ளே பார்க்க முடிந்ததால்தான் பிடிபட்டது. ஆனால், பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஆதரவும் வேண்டும் என்பதையும் அந்தச் சம்பவம் காட்டியது. பொதுக்கிணற்றைத் தூர்வார ஊர்தானே கூட வேண்டும்?

எங்கிருந்து தொடங்கலாம்?

தமிழில் படிக்க ‘கணியம்’ இணையதளம் இருக்கிறது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்ற தன்னார்வக் குழுக்கள் மாணவர்களுக்குக் கற்றுத் தருகின்றன. நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்பதில்லை. லிப்ரே ஆபிஸில் ஒரு தமிழ்ச் சொல் தவறாக இருந்தால், அதைத் திருத்தித் தருவதும் பங்களிப்புதான்.

உடனே எதையும் அழிக்க வேண்டாம். முக்கியமான ஃபைல்களை முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். பிறகு லினக்ஸ் மின்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். பிரிண்டரும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று ஒரு வாரம் சோதியுங்கள். சரிவந்தால் நிறுவுங்கள், சரிவராவிட்டால் பென்டிரைவை எடுத்துவிட்டால் போதும், பழைய கணினி அப்படியே இருக்கும்.

லிப்ரே ஆபிஸ் சேமிக்கும் ஓ.டி.எஃப். வடிவம் 2006 முதல் ஐ.எஸ்.ஓ. தரம். எந்த நிறுவனம் இருந்தாலும், போனாலும், இன்று எழுதும் தோட்டக் கணக்கை நாளை உங்கள் பிள்ளைகள் திறந்து படிக்கலாம். அதற்காக எந்தக் கம்பெனியிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.