கிரேக்க எழுத்துச் சங்கங்கள்: கதவு யாருக்குத் திறக்கிறது?

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிளஸ் டூ முடித்த கையோடு அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் போன் வரும்: "அம்மா, ஃபிரட்டர்னிட்டியில சேரலாமா?" ஏதோ அரட்டைக் கூட்டம் போலிருக்கிறது என்று எண்ணி, "போன வேலையைப் பாருடா" என்று சொல்லி வைத்துவிடுகிறோம். விஷயம் அவ்வளவு லேசானதல்ல.

ஆண்களுக்கானது ஃபிரட்டர்னிட்டி, பெண்களுக்கானது சொராரிட்டி. பெரும்பாலும் இரண்டு மூன்று கிரேக்க எழுத்துக்களே பெயர். 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் பிறந்த ஃபை பீட்டா காப்பா இவற்றுக்கெல்லாம் முன்னோடி. தங்க வீடு, சாப்பாடு, விருந்து, தோழமை எல்லாம் உண்டு. ஆனால் முக்கியமானது பழைய மாணவர்களின் தொடர்பு. வெளியே நிறுத்தப்படும் மாணவன் இழப்பது விருந்தை அல்ல, முதல் வேலைக்குச் சிபாரிசு செய்யக்கூடிய ஆளை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, வெள்ளையர் மட்டுமே சேரலாம் என்று பல சங்கங்கள் தங்கள் விதிகளிலேயே எழுதி வைத்திருந்தன. 1948இல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியின் ஃபை காப்பா சை கிளை, கறுப்பின மாணவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது. தலைமை அந்தக் கிளையையே விலக்கிவிட்டது. மாணவர்கள் அசரவில்லை, தனிச் சங்கமாக நடத்திக்கொண்டார்கள்.

கறுப்பின மாணவர்கள் அதற்கு வெகு முன்பே வேறு வழி கண்டிருந்தார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆறு கறுப்பின மாணவர்கள் அடுத்த ஆண்டு படிப்பைத் தொடரத் திரும்பி வரவில்லை. தனிமையும் ஆதரவின்மையும் அப்படி. மிஞ்சியவர்கள் சேர்ந்து ஒரு படிப்பு வட்டம் தொடங்க, அது 1906இல் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா ஆயிற்று. மார்ட்டின் லூதர் கிங் பின்னாளில் அதில் சேர்ந்தார். 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்ற சொராரிட்டி வந்தது. நம் தில்லி லேடி இர்வின் கல்லூரியில் படித்துவிட்டு 1958இல் பெர்க்லிக்குப் போன சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹோவர்டில் படிக்கும்போது சேர்ந்தது இதில்தான். ஊர் விட்டு ஊர் வந்து சங்கம் கட்டிய நமக்கு இந்தக் கதை புரியாமலா போகும்?

எழுதிய விதிகள் அழிந்த பிறகும் எழுதாத விதி நின்றது. 1963இல், கறுப்பின மாணவர்களை உள்ளே விடமாட்டேன் என்று ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலில் நின்றாரே, அந்த அலபாமா பல்கலைக்கழகத்தையே பாருங்கள். சரியாக 50 ஆண்டு கழித்து, 2013 செப்டம்பரில், மாணவர் பத்திரிகையான கிரிம்சன் ஒய்ட் ஒரு செய்தி போட்டது. நல்ல மதிப்பெண் பெற்ற கறுப்பினப் பெண்ணை எந்தச் சொராரிட்டியும் எடுக்கவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, சில இல்லங்களில் உள்ளே இருந்த பெண்கள் அவரைச் சேர்க்கவே விரும்பினார்கள். தடுத்தவர்கள் பழைய மாணவிகள். ஓர் இல்லத்தில் காரணமாகச் சொல்லப்பட்டது சிபாரிசுக் கடிதம் சரியில்லை என்பது! அம்மாவும் பாட்டியும் உறுப்பினராக இல்லாத வீட்டுப் பெண் அந்தக் கடிதத்துக்கு எங்கே போவாள்? செய்தி வெளியாகி ஊர் பேசியதும் பல்கலைக்கழகம் தலையிட்டது. சேர்க்கையை மறுபடி திறந்தார்கள். கறுப்பினப் பெண்கள் சிலர் உள்ளே வந்தார்கள்.

ஆகவே "எல்லோரும் வரலாம்" என்று பலகை மாட்டுவதில் பயனில்லை. வழி அடைபடும் இடங்கள் வேறு. பழைய உறுப்பினரின் மகள், பேத்திக்கு முன்னுரிமை தரும் வழக்கத்தைச் சில தேசியச் சொராரிட்டிகள் 2020 வாக்கில் கைவிட்டன. பல இடங்களில் சிபாரிசுக் கடிதக் கட்டாயமும் போயிற்று. எனக்கு இதுதான் பெரிய மாற்றமாகத் தெரிகிறது. அடுத்தது பணம். சந்தா, உடுப்பு, விருந்துச் செலவு என்று கூடிக்கொண்டே போகும். மொத்தச் செலவை முதலிலேயே சொல்லி, தவணையும் உதவித்தொகையும் வைத்தால்தான் ஏழை வீட்டுப் பிள்ளை வரமுடியும். ரகசிய வாக்கெடுப்பில் "நமக்கு ஒத்துவராது" என்ற ஒற்றைச் சொல்லால் ஆளைத் தள்ளுவதற்குப் பதில், காரணத்தைச் சொல்லச் சொன்னாலே பாதிப் பேர் வாயடைத்துப் போவார்கள்.

தெற்காசியப் பிள்ளைகளுக்கென்றும் சங்கங்கள் உண்டு. 1994இல் பிங்ஹாம்டனில் அயோட்டா நியூ டெல்டா, 1998இல் ஆஸ்டின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டெல்டா எப்சிலான் சை, காப்பா ஃபை காமா. நம்மவர்களோடேயே இருந்துவிட்டால் அவ்வளவு தூரம் போனதற்கு என்ன அர்த்தம் என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமே, ஆனால் தீபாவளியன்று தனியே அழுகிற பிள்ளையிடம் அதைக் கேட்க மனம் வராது.

பெற்றோர் கேட்க வேண்டிய இன்னொன்று, நம்மூர் ராகிங் போன்ற ஹேசிங். புதியவர்களைக் குடிக்க வைத்துச் சோதிப்பதில் உயிர்கள் போயிருக்கின்றன. 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, இதில் சிக்கிய மாணவர் அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரிகள் பொதுவில் வெளியிட வேண்டும். பிள்ளை அடுத்த முறை போன் செய்யும்போது, சேரப்போகும் சங்கத்தின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.